சீரோ கமிஷன்னா கைக்கு எவ்ளோ வரும்? துண்டு, பெட்ஷீட் விக்கிற ஒரு சின்ன செல்லரோட ரிவ்யூ

பொருள் வாங்குனவங்க எழுதுன ரிவ்யூ கோடிக்கணக்குல கெடக்கு, ஆனா அதே ஆப்புல கடை போட்டு விக்கிறவன் எழுதுன ரிவ்யூ தேடுனா கெடைக்கறதே இல்ல. யூட்யூப்ல இருக்கறதெல்லாம் வீட்ல இருந்தே மாசம் லட்ச ரூபாய் வகையறா, கடைசில ஒரு கோர்ஸ் விப்பாங்க. அதனால ஈரோட்ல இருந்து ஈரிழைத் துண்டு, பெட்ஷீட், தலகாணி உறை விக்கிற நானே எழுதிடலாம்னு. நான் முக்கியமா விக்கிற தளத்தோட பேரு சொல்ல மாட்டேங்க, பொழப்பு அதுல தான் ஓடுது, எதுக்கு வம்பு. பேப்பர்ல வந்த பொது அறிவிப்புகள மட்டும் பேரோட சொல்றேன்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். நம்மூரு ஜவுளிச் சந்தைக்கு திங்கக்கெழம ராத்திரியே வெளி மாநில வியாபாரி வந்துருவாங்க, மூட்ட மூட்டையா போகும், ஆனா பணம்? பாதிக்கு மேல கடன் தான், அடுத்த சந்தைக்கு தர்றேன் தீவாளி முடிஞ்சு தர்றேன்னு இழுக்கும். ஆன்லைன்ல அந்தத் தொல்லை இல்ல. குவாஹாத்தில இருந்து யாரோ ஒருத்தர் ரெண்டு துண்டு கேக்கறாரு, வீட்டு வாசல்ல வந்து பார்சல எடுத்துட்டு போறாங்க, டெலிவரி ஆகி கொஞ்ச நாள்ல பணம் பேங்க்ல விழுது. கணக்குல என்னென்ன புடிச்சாங்கங்கறது வேற கதை, ஆனா சொன்ன தேதில விழுதுல்ல, அதுக்கு நான் முழு மார்க் போடுவேன்.

இப்ப கமிஷன் கதைக்கு வருவோம். 2021ல மீஷோ செல்லர்கிட்ட கமிஷனே வாங்க மாட்டோம்னு ஆரம்பிச்சு வச்சாங்க. 2025 ஏப்ரல்ல அமேசான் 300 ரூபாய்க்குக் கீழ இருக்கற பொருளுக்கு ரெஃபரல் ஃபீ, அதாவது கமிஷன், கெடையாதுன்னாங்க, 135 கேட்டகரி, 1.2 கோடி பொருளுக்கு மேலன்னு பெருசா வந்துச்சு. அதே வருசம் நவம்பர்ல ஃப்ளிப்கார்ட் 1000 ரூபாய்க்குக் கீழ எல்லாத்துக்கும் சீரோன்னு இறங்குனாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா பில்லுல கமிஷன்ங்கறது ஒரு வரி தான். ஷிப்பிங் இருக்கு, ஆர்டருக்கு இவ்ளோன்னு ஒரு ஃபிக்சட் ஃபீ இருக்கும், இதுக்கெல்லாம் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அப்புறம் ரிட்டன், அப்புறம் விளம்பரம். ஒண்ணு கொறஞ்சா இன்னொண்ணு ஏறியிருக்கான்னு செட்டில்மெண்ட் ஷீட்ட (எதெதுக்கு எவ்ளோ புடிச்சாங்கங்கற கணக்கு) எறக்கி எக்செல்ல போட்டு பாத்தா தான் தெரியும்.

இந்த 300 ரூபாய் மாதிரி ஒரு கோடு போட்டா என்ன ஆகும்னு பாருங்க, இது தான் எனக்கு சுவாரசியமான விசயம். கோட்டுக்கு மேல போனா ஒரு 10 சதவீதம் கமிஷன்னு சும்மா கணக்குக்கு வச்சுக்குவோம். 299க்கு வித்தா கமிஷன் சைடுல ஒண்ணும் போகாது, 299ம் நிக்கும். அதே செட்ட 319க்கு வித்தா கமிஷன் 31.90, அதுக்கு ஜிஎஸ்டி 5.74, மிச்சம் 281.36 தான். இருவது ரூபா ஏத்தி வித்து பதினேழு ரூபாய்க்கு மேல நட்டம்! 339 வரைக்கும் போனா தான் பழைய 299 கைக்கு வரும். ஜிஎஸ்டி நம்பர் இருக்கறவங்க அந்த 5.74ஐ கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம், இல்லாதவங்களுக்கு அதுவும் போச்சு. அப்ப 300க்கும் 339க்கும் நடுவுல எவன் விலை வைப்பான், எல்லாரும் 299ல வந்து குவிவாங்க. நூல் விலை ஏறுனா அந்த 299க்குள்ள எப்படி அடக்கறது? 30க்கு 60 இன்ச் துண்டு 27க்கு 54 ஆகுது, நெசவுல நூல் கொறையுது, போட்டோல பாத்தா வித்தியாசமே தெரியாது. எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்து ஒரு நம்பர் போடறாங்க, இங்க தறில துண்டு சுருங்குது. வாங்குனவங்க குளிச்சுட்டு தொடைக்கும்போது தான் தெரியும், ஒன் ஸ்டார் போடறது தளத்துக்கு இல்ல, நமக்கு.

எடை கணக்கு இன்னொரு தலவலி. நெஜ எடை, சைஸ் எடை ரெண்டுல எது அதிகமோ அதுக்கு காசு. நீளம் அகலம் ஒயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ல வகுப்பாங்க, அது தான் சைஸ் எடை. டபுள் பெட்ஷீட்டு ரெண்டு உறையோட 900 கிராம்னு வைங்க, 30க்கு 25க்கு 10 பொட்டில போட்டா 1.5 கிலோன்னு வரும். அதனால நாங்க பொட்டிய விட்டுட்டு கவர்ல காத்தெல்லாம் அமுக்கி தட்டையா கட்றோம், வாங்குறவங்க சுருக்கமா இருக்குன்னு திருப்பி அனுப்பறாங்க, என்னத்த சொல்ல. போதாததுக்கு அவங்க குடோன் மெசின்ல எடை வேற மாதிரி காட்டும், வித்தியாசத்த புடிச்சுட்டு அப்புறமா தான் சொல்லுவாங்க, தராசுல வச்சு டேப் புடிச்சு போட்டோ எடுத்து அனுப்பி கெஞ்சணும், அதுக்கும் சில சமயம் டெம்ப்ளேட் பதில் தான் வரும். பார்சலுக்கு இவ்ளோன்னு பாத்தா சின்ன காசு தாங்க, ஆனா துண்டுல நிக்கற லாபமே சின்ன காசு.

நான் விக்கிற தளத்துல என்ன ரொம்ப கடுப்பேத்துனது இதெல்லாம் கூட இல்ல, தளம் தன்னோட ரூல்ஸ மாத்துற நேரம். தீவாளி சேலுக்கு டீல்ல சேருங்க சேருங்கன்னு ஃபோன் மேல ஃபோன் வந்துச்சு, சேந்தாச்சு, டீல்ல சேந்தா விலைய ஏத்த முடியாம லாக் ஆயிரும், அப்புறம் தான் ஒரு மெயில் வருது, இந்த தேதில இருந்து ஷிப்பிங் ரேட் மாறுது ரிட்டன் சார்ஜ் மாறுதுன்னு. விலை லாக், செலவு மட்டும் ஏறுது. சப்போர்ட்ல கேட்டா பாலிசி பேஜ் லிங்க் அனுப்பறாங்க சார்னு மரியாதையா. ஐரோப்பால 2020 ஜூலைல இருந்து ஒரு சட்டம் இருக்கு, செல்லரோட போட்ட கண்டிசன மாத்தணும்னா குறைஞ்சது 15 நாள் முன்னாடியே சொல்லியாகணும். நம்ம 2020 ஈகாமர்ஸ் ரூல்ஸ் வாங்குறவங்கள காப்பாத்த வந்தது, செல்லருக்கு இப்படி நாள் கணக்கு எதுவும் அதுல கெடையாது.

ரிட்டன்ல ரெண்டு வகை. கேஷ் ஆன் டெலிவரி போட்டுட்டு வாங்காம விடறது ஒண்ணு, அத ஆர்டிஓன்னு சொல்லுவோம், பொருள் பெரும்பாலும் பிரிக்காமயே வந்துரும். வாங்கி பிரிச்சு திருப்பி விடறது தான் ஆபத்து. புதுத் துண்டு போயி நனஞ்ச துண்டு வந்துருக்கு, எங்க துண்டே இல்லாம வேற எதோ பழசு வந்துருக்கு. கிளெய்ம் போடணும்னா கட்டும்போது ஒரு வீடியோ, ரிட்டன் வந்து பிரிக்கும்போது ஒரு வீடியோ, லேபிள் தெரியணும், கட் ஆகக்கூடாது, அதுவும் சொன்ன நாளுக்குள்ள போடணும். எங்க வீட்ல அம்மா தான் கேமராமேன். கலர் வேற மாதிரி இருக்குன்னு ரிட்டன் வந்து வந்து மெரூன், பாட்டில் கிரீன் ரெண்டையும் லிஸ்டிங்ல இருந்தே எடுத்துட்டோம், சந்தைல அது ரெண்டும் தான் நல்லா போற கலரு!

கவர்மெண்ட் சைடு எப்பவும் திட்டு வாங்கும், இந்த விசயத்துல நான் திட்ட மாட்டேன். 2023 அக்டோபர் 1ல இருந்து ஜிஎஸ்டி நம்பர் இல்லாத சின்ன ஆளும் பேன் வச்சு என்ரோல்மெண்ட் நம்பர் வாங்கி விக்கலாம், ஆனா சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும். அதாவது ஓசூருக்கு அனுப்பலாம், கொஞ்ச தூரம் தள்ளி இருக்கற பெங்களூருக்கு முடியாது. ஆரம்பிச்சு பாக்க அது போதும். தளம் நம்ம பணத்துல ஜிஎஸ்டி கணக்குக்குன்னு புடிக்கற டிசிஎஸ் 1 சதவீதமா இருந்தது 2024 ஜூலை 10ல இருந்து 0.5, வருமான வரி டிடிஎஸ்ஸும் அதே வருசம் அக்டோபர்ல 1ல இருந்து 0.1 ஆச்சு. ஒரு சின்ன விசயம், அந்த டிசிஎஸ் தானா வந்து சேராது, ஜிஎஸ்டி போர்ட்டல்ல டிடிஎஸ் டிசிஎஸ் கிரெடிட் பக்கத்துல போயி அக்செப்ட் குடுத்து ஃபைல் பண்ணணும், பல பேரு விட்டுர்றாங்க, ஆடிட்டர்கிட்ட கேளுங்க.

பெரிய மாத்தம் 2025 செப்டம்பர் 22. அதுக்கு முன்னாடி பெட்ஷீட்டு பீஸ் 1000 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், தாண்டுனா 12. இப்ப 2500 வரைக்கும் 5 தான். செப்டம்பர் 3ந்தேதி அறிவிச்சாங்க, இடைல இருந்த நாள்ல எவனும் வாங்கல, எல்லாரும் வெல கொறையட்டும்னு கார்ட்ல போட்டு வச்சுட்டு உக்காந்துட்டாங்க, லிஸ்டிங் ஒண்ணொண்ணுலயும் வரிய மாத்தி சேலுக்கு ரெடி பண்றதுக்குள்ள தாவு தீந்துருச்சு. ஆனா முடிஞ்சதும் நிம்மதி. 1000த்துக்குள்ள அடக்கணும்னு கிங் சைஸ்ல துணிய மெலிசாக்க வேண்டிய அவசியம் இல்லாம போச்சு, தறிக்காரர்கிட்ட பழைய கனத்துலயே போடுங்கண்ணான்னு சொல்ல முடிஞ்சுது.

சரி ஸ்டாரு. ஆர்டர் வர்றது 4, பேமெண்ட் 4, ரிட்டன் கையாள்றது 1.5, ரூல்ஸ் மாத்துற விதம் 1, சப்போர்ட்டுக்கு போட மனசு வரல. மொத்தமா 5க்கு 2.5. இருந்தாலும் நிறுத்தப் போறதில்லீங்க, சந்தைக் கடன நெனச்சா இது எவ்வளவோ மேல். துண்டும் தலகாணி உறையும் தட்டையா போற சரக்கு, அத மட்டும் அங்க விட்டுருக்கேன். பெட்ஷீட்டு லிஸ்டிங் எல்லாம் போன மாசமே மூடிட்டேன், வாட்ஸாப்புல கேக்கறவங்களுக்கு பார்சல் சர்வீஸ்ல போட்டு விட்டுர்றேன், மெரூன் கலரும் இருக்கு.