ஓடிபி வரும் வரை

ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மா என்னைக் கூப்பிட்டார், ஆனால் என் பெயரைச் சொல்லி அல்ல. எப்போதோ இறந்துபோன மாமாவின் பெயரைச் சொல்லி. விளக்கைப் போட்டுப் பார்த்தால் உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறுகிறது. பக்கவாதம் என்றே முடிவு செய்துவிட்டேன். ஊருக்கு வந்து அன்றைக்கு நாலாவது நாள்.

பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுத்தார். அக்கா பின் சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வாசலில் இருந்தோம். செக்யூரிட்டி ஓடிவந்து வீல்சேரில் உட்கார வைத்தார். அதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

"ரெஜிஸ்ட்ரேஷன் போட்டுட்டு வந்துடுங்க சார்" என்று நர்ஸ் கவுன்டரைக் காட்டினார். அங்கே இருந்த பையன் மொபைல் நம்பர் கேட்டான். அம்மாவின் போன் வீட்டில் கிடந்தது. என்னுடையது வெளிநாட்டு நம்பர், அதைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. சரி என்று அண்ணன் நம்பரைச் சொன்னேன். அதற்கு ஓடிபி போனது. அண்ணனோ போனோடு காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார்.

"தம்பி, இதை அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க."

"ஐடி விழுந்தாதான் சார் உள்ள கேஸ் ஓப்பன் ஆகும்."

அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அவனுக்குக் கொடுத்திருந்த ஸ்கிரீன் அப்படி. இருபது நிமிடம் போனது. பிறகு வந்த டியூட்டி டாக்டர், சின்னப் பையன், முதலில் செய்தது விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்ததுதான். சில நொடிகளில் மெஷின் 41 என்று காட்டியது.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே குறைவு, 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. மூளை பெரும்பாலும் குளுக்கோஸில்தான் ஓடுகிறது. அது இறங்கினால் குழப்பமும் குழறலும் வரும், சிலருக்கு ஒரு பக்கம் கை கால்கூடச் செயலிழக்கும். பார்க்க அப்படியே பக்கவாதம் மாதிரி இருக்கும். அதனால்தான் பக்கவாதம் என்று சந்தேகித்துக் கொண்டுவந்தாலும் முதலில் சுகர் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றிய கொஞ்ச நேரத்தில் அம்மா கண்ணைத் திறந்து, "ஏன்ப்பா எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" என்றார்.

சில நொடிச் சோதனைக்கு இருபது நிமிட ஓடிபி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் இருக்கும் நாடு சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே மணிக்கட்டு முறிந்த மகனோடு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் உள்ளே நுழைந்ததும் ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிடுவார். யார் காத்திருக்கலாம், யார் கூடாது என்று அவர்தான் முடிவு செய்வார், கவுன்டர் அல்ல.

அடுத்து டாக்டர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. "அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" சுகர் மாத்திரை என்றேன். எந்த மாத்திரை? வாராவாரம் வீடியோவில் பேசுகிறேன், அதைக் கேட்டதே இல்லை. அக்காதான் சொன்னார்: "கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சார். ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல. தம்பிகிட்டச் சொல்ல வேணாம்னாங்க." போன தடவை நான் வாங்கிக் கொடுத்த குளுக்கோமீட்டர் பிரிக்காமலே அலமாரியில் இருப்பதையும் அவர்தான் சொன்னார்.

சுகர் 148-க்கு ஏறிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால், அட்மிஷன் என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். "அப்சர்வேஷன் சார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்குப் பில்லைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. குரலை உயர்த்தினேன். மறுபேச்சு இல்லாமல் ஒரு படிவத்தை நீட்டினார்கள்: மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன். மணி மூன்றரை. பேனாவைத் திறந்துவிட்டேன்.

பக்கத்தில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்த வயதான நர்ஸ் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கிளிமெபிரைடு மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யும் சார். ஏத்துன குளுக்கோஸ் தீர்ந்துடும், மாத்திரை தீராது. அம்மாவுக்குக் கிரியேட்டினினும் கொஞ்சம் கூட இருக்கு, கிட்னி மெதுவா வேலை செய்யுது, மருந்து வெளிய போக நேரமாகும்."

பேனாவை மூடினேன். விடியற்காலை ஐந்து மணிக்குச் சுகர் மறுபடி 58. வீட்டுக்குப் போயிருந்தால் அந்த நேரத்தில் எல்லோரும் தூக்கத்தில் இருந்திருப்போம். ஆக, டாக்டர் செய்தது சரிதான். அந்த ரெண்டு வரியை அவரே சொல்லியிருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அதே கவுன்டர், அதே பையன். டிஸ்சார்ஜ் தாளில் தொடர்பு எண் என்ற இடத்தில் அண்ணனின் நம்பர் இருந்தது.

"மாத்திடவா சார்?"

"வேணாம், அதுவே இருக்கட்டும்."