கிறிஸ்டியானியாவா, உஜுபிஸா? கையில் ஒரே நாள் இருந்தால் எங்கே போவது

ஐரோப்பியப் பயணத்தில் ஒரு நாளை ஒதுக்கி, பொஹீமியன் வாழ்க்கை, அதாவது வழக்கமான கட்டுப்பாடுகளை விட்டுக் கலையோடு கலந்த வாழ்க்கை, வாழும் ஒரு சின்னச் சமூகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் காதில் மூன்று பெயர்கள் விழும்: டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கிறிஸ்டியானியா, லிதுவேனியாவின் வில்னியஸில் உஜுபிஸ், ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் மெடெல்கோவா. மூன்று ஊருக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ஆனாலும் மூன்றையும் ஒரே மூச்சில் ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள் என்பது என் கட்சி.

மெடெல்கோவாவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வேறு வகை. யூகோஸ்லாவிய ராணுவம் விட்டுப்போன படைமுகாம் அது. நகராட்சி இடிக்கத் தொடங்கியபோது, 1993 செப்டம்பரில் கலைஞர்களும் இளைஞர்களும் உள்ளே புகுந்து தடுத்தார்கள். இன்று அங்கே இருப்பவை இசை அரங்குகள், ஓவியக் கூடங்கள், மதுக்கூடங்கள். பகலில் போனால் வண்ணம் தீட்டிய சுவர்களையும் சிற்பங்களையும் பார்க்கலாம், மனிதர்களைப் பார்ப்பது கடினம். இரவில்தான் அதற்கு உயிர் வரும். பக்கத்திலேயே பழைய ராணுவச் சிறை ஒன்று செலிகா என்ற பெயரில் 2003 முதல் தங்கும் விடுதியாக இருக்கிறது. அறைக் கதவுகளில் கம்பிகள் அப்படியே உண்டு. இரவு இசை பிடித்தவர்கள் தயங்காமல் போகலாம். ஆனால் ஒரு சமூகம் எப்படிச் சேர்ந்து வாழ்கிறது என்று பார்க்க வந்தவருக்கு இது போதாது. ஆகவே போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

உஜுபிஸ் என்றால் 'ஆற்றுக்கு அந்தப் பக்கம்' என்று பொருள். வில்னியஸ் பழைய நகரத்திலிருந்து நடந்தே போய், வில்னியா ஆற்றின் மேல் ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். பாலத்தருகே ஒரு பலகை நிற்கும்: சிரித்த முகம், 20 கிலோமீட்டர் வேக வரம்பு, மோனாலிசா, ஆற்றில் விழும் கார். போருக்கு முன்பு இங்கே யூதர்கள் நிறையப் பேர் வாழ்ந்தார்கள். நாஜி ஆக்கிரமிப்பில் அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். வெறிச்சோடிய வீடுகள் பல பத்தாண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்தன. வாடகை குறைவு என்பதால் கலைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். 1997 ஏப்ரல் 1 அன்று குடியரசு என்று அறிவித்துக்கொண்டார்கள். கொடி, அதிபர், அரசியலமைப்புச் சட்டம் எல்லாம் உண்டு.

அந்தச் சட்டம்தான் உஜுபிஸின் பெரிய சொத்து. பௌபியோ தெருச் சுவரில் பல மொழிகளில், கண்ணாடி போல் மின்னும் பலகைகளாகப் பதித்திருக்கிறார்கள். படிக்கும்போது நம் முகமும் அதில் தெரியும். நாய்க்கு நாயாக இருக்கும் உரிமை உண்டு என்கிறது ஒரு பிரிவு. ஆற்றின் கரையில் வாழ எல்லாருக்கும் உரிமை, எல்லாரையும் கடந்து ஓட ஆற்றுக்கும் உரிமை என்கிறது முதல் பிரிவு. எனக்கு நெஞ்சில் தைத்தது இரண்டாவது: சுடுதண்ணீருக்கும், குளிர்காலத்தில் கதகதப்புக்கும், ஓடு வேய்ந்த கூரைக்கும் எல்லாருக்கும் உரிமை உண்டு. அவை கிடைக்காத வீடுகளில் இருந்தவர்கள் எழுதியது என்று தெரிந்து படித்தால் கவிதையாகத் தோன்றாது, மனுவாகத் தோன்றும்.

சரி, குறை என்ன? வீடுகள் சந்தையில் விற்பனைக்கு உரியவை. பேர் பரவப் பரவ விலை ஏறியது. இன்று வில்னியஸின் விலையுயர்ந்த பகுதிகளில் உஜுபிஸும் ஒன்று. 2002-இல் வைத்த எக்காளம் ஊதும் தேவதைச் சிலையைச் சுற்றி உணவகங்களும் பரிசுப் பொருள் கடைகளும் வந்துவிட்டன. கலைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள்தான். ஆனால் கையில் காசில்லாத ஓர் இளம் ஓவியர் அன்று போல இன்று அங்கே குடிவர முடியுமா? முடியாது என்றுதான் சொல்வேன்.

கிறிஸ்டியானியா இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. 1971 செப்டம்பரில், காலியாகக் கிடந்த படைமுகாமின் வேலியைத் தாண்டி மக்கள் குடியேறினார்கள். சுமார் 34 ஹெக்டேர் நிலம். இன்று ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அரசோடு நாற்பது ஆண்டுகள் இழுபறி. கடைசியில் 2012-இல், குடியிருப்பவர்கள் அமைத்த அறக்கட்டளை, சந்தை விலையைவிட மிகக் குறைந்த தொகைக்கு அரசிடமிருந்து இடத்தை வாங்கியது. பழைய கோட்டை அரண் பகுதி மட்டும் குத்தகை. அங்கே யாரும் தன் வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை, அதனால் விற்கவும் முடியாது. மாதாமாதம் பொது நிதிக்கு ஒரு தொகை கட்டி வசிக்கிறார்கள். ஒரு வீடு காலியானால், அடுத்து யார் வருவது என்பதை அந்தப் பகுதி ஆட்களே கூடி முடிவு செய்கிறார்கள். பொது விஷயங்களில் வாக்கெடுப்பு கிடையாது, எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை பேச்சுதான். இழுக்கும், சலிக்கும். ஆனால் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்த இடம் அவர்கள் கையிலேயே இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கிறிஸ்டியானியாவின் கறையையும் மறைக்கக் கூடாது. புஷர் தெருவில் பல பத்தாண்டுகள் கஞ்சா வெளிப்படையாக விற்றது. பின்னாளில் அந்த வியாபாரம் குற்றக் கும்பல்கள் கைக்குப் போனது, துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நடந்தன. 2024 ஏப்ரலில் குடியிருப்பவர்களே தெருவின் கற்களைப் பெயர்த்தெடுத்து அந்தச் சந்தைக்கு முடிவு கட்டினார்கள். கற்களைக் கையில் எடுத்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். தங்கள் தவறை ஊரறியத் தோண்டி எடுத்த சமூகம் என்பதால் என் மதிப்பு கூடத்தான் செய்தது. டென்மார்க் சட்டப்படி கஞ்சா குற்றம், அந்த நோக்கத்தோடு யாரும் போக வேண்டாம்.

பார்க்க எது எளிது என்றால் சந்தேகமில்லாமல் உஜுபிஸ். இரண்டு மணி நேரம் போதும், படம் எடுக்கத் தடை இல்லை, குழந்தைகளுக்கும் பிடிக்கும், செலவும் கோபன்ஹேகனைவிடக் குறைவு. ஏப்ரல் 1 அன்று போனால் கடவுச்சீட்டில் குடியரசு முத்திரைகூடக் குத்துவார்கள். அதிகாரபூர்வமற்ற முத்திரை கடவுச்சீட்டில் சிக்கலைத் தரலாம், ஒரு காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிறிஸ்டியானியாவில் அந்த எளிமை கிடையாது. ஆட்களையோ வீட்டு முற்றத்தையோ கேட்காமல் படம் எடுத்தால் முகம் சுளிப்பார்கள். நியாயம்தானே, அது அவர்கள் வீட்டு வாசல்.

அப்படியும் என் ஒரு நாளை நான் கிறிஸ்டியானியாவுக்கே கொடுப்பேன். கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். பெரும்பாலானவர்கள் நுழைவாயில் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், பார்க்க வேண்டியது அதற்கு அப்பால் இருக்கிறது. நீர்க்கரை ஓரமாக டைசன் என்ற பகுதியின் பக்கம் நடந்தால், தங்கள் கையாலேயே கட்டிய வீடுகள் வரிசையாக வரும். பழைய ஜன்னல்களைச் சேர்த்து எழுப்பிய கண்ணாடி வீடும் அவற்றில் உண்டு. கார் கிடையாது. முன்னால் பெரிய பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிளில் குழந்தைகளையும் காய்கறியையும் ஏற்றிப் போவார்கள். இன்று கோபன்ஹேகன் முழுக்க ஓடும் அந்த வண்டி 1980-களில் இங்கே உருவானதுதான். பிரின்சஸ்கேட தெரு வாசலிலிருந்து, அங்கே வசிப்பவர்களே ஆங்கிலத்தில் விளக்கிக் கூட்டிப்போகும் நடைச் சுற்று உண்டு. அதில் சேர்ந்துகொண்டு, வீடு காலியானால் எப்படி ஆள் எடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.