ஜோட்டெரோ: தகுதித் தேர்வு முதல் கடைசித் திருத்தம் வரை

பொறியியல் பிஎச்.டி.யில் சேரப் போகிறேன், லேப்டாப்பில் முதலில் எதைப் போடட்டும் என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது ஜோட்டெரோ. பேப்பர்களையும் மேற்கோள்களையும் சேர்த்து வைக்கிற மென்பொருள், இலவசம், திறமூலம். 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கான நீட்சியாகத் தொடங்கியது, இப்போது தனி மென்பொருளாக வளர்ந்து நிற்கிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் நூற்பட்டியலைத் தானாகப் போட்டுத் தரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் பிஎச்.டி. என்பது ஒரே பேப்பர்க் குவியலை ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு ஆட்கள் முன்னால் வைத்துப் பதில் சொல்கிற வேலை. அந்த வேலைக்கு இது எப்படி உழைக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நான் இதன் அருமையைத் தெரிந்துகொண்டது நூற்பட்டியலில் இல்லை.

பாடங்கள் எடுத்து கிரெடிட் சேர்க்கிற காலத்திலும் தகுதித் தேர்வுக்குப் படிக்கிற காலத்திலும் இதற்குப் பெரிய வேலை இருக்காது. அங்கே கேட்பது அடிப்படை: கணிதம், உங்கள் துறையின் மையப் பாடங்கள். பாடநூலின் ஐஎஸ்பிஎன் எண்ணை மந்திரக்கோல் பொத்தானில் போட்டால் விவரங்கள் வந்து உட்காரும், அவ்வளவுதான். இருந்தாலும் அப்போதே நிறுவிப் பழகிவிடுங்கள், இரண்டாம் வருடத்தில் நானூறு பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக உள்ளே தள்ளி ஒழுங்குபடுத்துவது கொடுமையான வேலை.

உண்மையான சோதனை ஆய்வு முன்மொழிவில் வருகிறது. இதில் தேறினால்தான் முழு ஆய்வாளராக ஏற்பார்கள், அதனால் உங்கள் வேலையை மதிப்பிடும் பேராசிரியர் குழு சும்மா விடாது. இதுவரை யார் என்ன செய்தார்கள், எங்கே இடைவெளி இருக்கிறது, அதை நீங்கள் எப்படி நிரப்பப் போகிறீர்கள் என்று குடைவார்கள். என் வேலை கொதித்தல் வெப்பப் பரிமாற்றத்தில். ஸ்லைடில் நான் போட்டிருந்த உச்ச வெப்பப் பாய்வு எண்ணைக் காட்டி, 'இது எந்த அழுத்தத்தில் அளந்தது, பரப்பைத் தேய்த்தார்களா, அப்படியே விட்டார்களா?' என்று ஒரு பேராசிரியர் கேட்டார். 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து ஜோட்டெரோவுக்குள்ளேயே பிடிஎஃப் படிக்கலாம், கோடிட்ட வரிகளை எல்லாம் ஒரே சொடுக்கில் குறிப்பாக மாற்றலாம், அந்தக் குறிப்பின் ஒவ்வொரு வரியும் தான் வந்த பக்கத்தோடு இணைந்தே இருக்கும். குறிப்பைச் சொடுக்கினேன், பேப்பரின் ஏழாம் பக்கம் திறந்தது, மஞ்சள் கோடு போட்ட வரியில் அழுத்தம் இருந்தது, ஓரத்தில் 'பரப்பு மெருகிடப்பட்டது, படம் 3 பார்' என்று எட்டு மாதத்துக்கு முன்னால் நானே எழுதி வைத்திருந்தேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொன்னார். ஒரு பேப்பரை ஏன் படித்தோம், அதிலிருந்து எதை எடுத்தோம் என்பதை அந்தப் பேப்பரோடு சேர்த்தே வைத்திருக்கிறது பாருங்கள், அந்த ஒரு வசதிக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

வருடாந்திர முன்னேற்ற அறிக்கைக்குச் சேமித்த தேடல் போதும். கடந்த 12 மாதத்தில் சேர்த்தவை என்று ஒருமுறை அமைத்துவிட்டால் அந்த வருடம் படித்தது எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடும்.

அடுத்தது பேப்பர் வெளியிடுவது. சில துறைகளில் இத்தனை ஜர்னல் பேப்பர் வந்தால்தான் தீசிஸ் சமர்ப்பிக்கலாம் என்பார்கள், சில இடங்களில் எண்ணிக்கை விதி இல்லை, ஆனாலும் வெளியாகாத வேலையோடு புறத்தேர்வாளரைச் சந்திக்க யாருக்கும் மனம் வராது. ஒரு ஜர்னல் நிராகரித்து வேறு ஜர்னலுக்கு அனுப்பும்போது மேற்கோள் பாணியை மாற்றுவது சில நொடி வேலை. திரும்பப் பெறப்பட்ட பேப்பர் உங்கள் சேகரிப்பில் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும், 2019இலிருந்து ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேர்டுக்குப் பதிலாக லேடெக்ஸ் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதுபவர்கள் பெட்டர் பிப்டெக்ஸ் என்ற செருகுநிரலையும் போட்டுக்கொள்ளுங்கள், நூலகத்தில் ஒரு திருத்தம் செய்தால் லேடெக்ஸ் மேற்கோள்களை எடுத்துக்கொள்ளும் பிப் கோப்பு தானாகவே புதுப்பிக்கப்படும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. வெளியீட்டாளர் தளத்தில் இருக்கிற விவரம் எப்படியோ அப்படித்தான் உள்ளே வரும், கருத்தரங்குப் பேப்பர் என்றால் பல சமயம் அரைகுறையாக வரும். மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐட்ரிபிள்இயின் பாணியில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும்தான் பெரிய எழுத்து, ஆனால் இறக்குமதியாகும் தலைப்புகளில் பாதி எல்லாச் சொல்லிலும் பெரிய எழுத்தோடு வரும். தலைப்பின் மேல் வலது சொடுக்கினால் மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் அது நேவியர்-ஸ்டோக்ஸ் போன்ற பெயர்களையும் சிறிய எழுத்தாக்கிவிடக் கூடும், ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பேப்பரைச் சேர்க்கும்போதே அரை நிமிடம் செலவழித்துச் சரிசெய்தால் தீசிஸ் கடைசி வாரத்தில் தூங்கலாம். பொறியியல்காரர்களுக்கு இன்னொரு தலைவலி: டேட்டாஷீட், தரநிலை ஆவணம், காப்புரிமை என்று டிஓஐ (பேப்பருக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்) இல்லாத சரக்கு நம்மிடம் நிறைய. காப்புரிமைக்கும் தரநிலைக்கும் தனி வகை உண்டு, ஆனால் பெரும்பாலும் கையால்தான் நிரப்ப வேண்டும்.

இலவசச் சேமிப்பு 300 எம்பிதான். மேற்கோள் விவரங்களுக்கு அந்த வரம்பு இல்லை, இணைத்த கோப்புகளுக்கு மட்டும்தான், ஆனால் பிடிஎஃப் சேர்ந்தால் சீக்கிரமே நிரம்பிவிடும். பணம் கட்டலாம், அல்லது வெப்டாவ் (இணையம் வழியாகக் கோப்புகளைக் கையாளும் நெறிமுறை) வசதி இருக்கிற வேறு சேமிப்பை இணைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையை அப்படியே தூக்கிக் கிளவுட் கோப்புறைக்குள் வைப்பது. தரவுத்தளம் சிதைந்துபோகும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள்.

அப்புறம் தீசிஸ். 200 பக்கத்துக்கு மேல் போன வேர்ட் கோப்பில் மேற்கோளைச் சேர்க்கும்போது ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தது, மேற்கோள்களின் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வைத்த பிறகு நிம்மதி. இங்கேதான் என் பெரிய தவறும் நடந்தது. சமர்ப்பிக்கும் அன்று, இனி மாற்றம் எதுவும் இல்லை என்று நினைத்து, மேற்கோள்களின் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானை மூலக் கோப்பிலேயே அழுத்திச் சேமித்துவிட்டேன். அப்படிச் செய்தால் மேற்கோள்கள் வெறும் எழுத்தாகிவிடும், ஜோட்டெரோவுக்கு அவற்றை அடையாளம் தெரியாது. வாய்மொழித் தேர்வு நன்றாகத்தான் போனது, சிறு திருத்தங்களோடு தேர்ச்சி என்றார்கள். அந்தச் சிறு திருத்தத்தில் ஒன்று, இரண்டாம் அத்தியாயத்தில் பதினொரு பேப்பர்களைச் சேர்த்து விவாதிக்க வேண்டும் என்பது. மேற்கோள்களுக்கு [1], [2] என்று வரிசையாக எண் போடும் பாணியில் இரண்டாம் அத்தியாயத்தில் பதினொன்று நுழைந்தால் அதற்குப் பின்னால் ஆறாம் அத்தியாயம் வரை அத்தனை எண்ணும் நகர வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்து கையால் மாற்றினேன், ஐந்தாம் நாள் மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தேன்.

வாய்மொழித் தேர்வு முடிந்தாலும் தீசிஸ் முடிவதில்லை, திருத்தங்களைக் குழு ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அதன் பிறகுதான் நூலகத்துக்குப் போகும் இறுதிப் பிரதி. அந்தப் பொத்தானை அப்போது அழுத்துங்கள், அதுவும் ஒரு நகலில்.