மதுரையில ஒரு ராத்திரி தங்கின லாட்ஜ் – எங்க அனுபவம்

சென்னையில இருந்து கன்னியாகுமரிக்கு கார்ல போற வழியில நானும் வீட்டுக்காரரும் மதுரையில ஒரு நாள் தங்கினோம், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில ஒரு லாட்ஜ். ரூம் சின்னதுதான், ஆனா பெட்ஷீட் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, வெந்நீர் உடனே வந்துச்சு. கார் பார்க்கிங் இருக்குன்னு போன்ல சொல்லிட்டு, போனா ரெண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொன்னாங்க, பையத் தூக்கிட்டு நடந்தது கடுப்பாத்தான் இருந்துச்சு.

ஆனா இங்க தங்குறதுக்கு ஒரே காரணம் கோயில், நடந்தே போயிடலாம். போனை ரூம்லயே வச்சிட்டுப் போங்க, உள்ள விடமாட்டாங்க. ராத்திரி பள்ளியறை பூஜைக்கு கண்டிப்பா இருங்க. சுவாமியோட பாதத்தை பல்லக்குல வச்சு அம்மன் சன்னதிக்கு கொண்டு போறாங்க, நாதஸ்வரம், சாம்பிராணி புகை, மல்லிப்பூ வாசம், எனக்கு கண்ணு கலங்கிருச்சு, அவரு என் கையை விடவே இல்ல.

காலையில 1636ல கட்டின திருமலை நாயக்கர் மஹால், அந்தத் தூணை ரெண்டு பேரும் சேர்ந்து கட்டிப்பிடிச்சாலும் கை எட்டல. அப்புறம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, பாதாம் பிசினு வழவழன்னு தொண்டையில இறங்குது. பார்க்கிங்கை மட்டும் முன்னாடியே நல்லா கேட்டுக்கங்க. திரும்பி வரும்போதும் இங்கதான் புக் பண்ணியிருக்கோம்.