சிமிலாரிட்டி குறைச்சுத் தர்றோம்னு எவன் சொன்னாலும் பேப்பரைக் கொடுத்துடாதீங்க

மெடிக்கல் காலேஜ்ல பாடம் எடுத்துக்கிட்டே ஆராய்ச்சிப் பேப்பரும் எழுதறவங்க இதைக் கொஞ்சம் படிங்க.

நானும் என் பிஜி ஸ்டூடன்டும் டயாலிசிஸ் நோயாளிகளை வச்சு ஒரு ஸ்டடி முடிச்சோம், ரெண்டு வருஷ உழைப்பு. ஜர்னலுக்கு சப்மிட் பண்றதுக்கு முன்னாடி சிமிலாரிட்டி செக் (ஏற்கனவே இருக்கற எழுத்தோட நம்ம எழுத்து எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சாஃப்ட்வேர்ல பாக்கறது) போட்டா 31 சதவீதம். பயந்துட்டேன். கூட வேலை பாக்கறவர் ஒருத்தர், இன்னும் உக்காந்து வரி வரியா மாத்திட்டா இருப்பீங்கன்னு ஒரு எடிட்டிங் சர்வீஸ் நம்பர் கொடுத்தார். ஆளுங்களை வச்சுத்தான் எடிட் பண்றோம், மூணு நாள்ல 10-க்குக் கீழ கொண்டு வந்துடுவோம்னாங்க, நம்பி வேர்ட் ஃபைலை அனுப்பிட்டேன்.

6 சதவீதம்னு ரிப்போர்ட்டோட வந்துச்சு. வார்டு, எக்ஸாம் ட்யூட்டின்னு ஓடிட்டிருந்த நேரம், அப்ஸ்ட்ராக்டை மட்டும் பாத்துட்டு சப்மிட் பண்ணிட்டேன் (இது என் தப்புதான், திட்டறவங்க திட்டிக்கோங்க).

ஜர்னல் எடிட்டர் அனுப்பின மெயில்ல முதல் கேள்வியே "கிட்னி டிஸப்பாயின்ட்மென்ட்னா என்ன?" கிட்னி ஃபெயிலியரைத்தான் அப்படி மாத்தி வச்சிருக்கான் பாவி! ஏமாந்தது நானு, பேரு கிட்னிக்கு. தேடினா இதுக்கு டார்ச்சர்ட் ஃப்ரேஸஸ்னு பேரே இருக்கு, கீயோம் கபனாக்ங்கற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் அவரோட சேந்தவங்களும் 2021-லயே இதை வெளிய கொண்டு வந்துட்டாங்க, வார்த்தைகளை மாத்திப் போடற பாராஃப்ரேஸ் டூல்ல போட்டா பிரெஸ்ட் கேன்சர் கூட "புஸம் பெரில்" ஆயிடுமாம். ஹிந்தாவிங்கற பதிப்பகத்தோட ஜர்னல்கள்ல 2023-ல மட்டும் 8000-க்கு மேல பேப்பரை ரிட்ராக்ட் பண்ணாங்க (வெளியிட்டதை வாபஸ் வாங்கினாங்க) இல்லையா, அதுக்கப்புறம் இப்படி ஒரு வார்த்தை சிக்கினாலே பேப்பர் மில் (காசுக்குப் போலிப் பேப்பர் தயாரிச்சு விக்கற கும்பல்) சரக்கான்னுதான் பாக்கறாங்க.

அதோட போச்சா, டிஸ்கஷன்ல நாங்க போடாத நாலு ரெஃபரன்ஸ். ஜர்னல் பேரு நிஜம், ஆத்தர் பேரும் நிஜம் மாதிரிதான் இருக்கு, ஆனா மருத்துவக் கட்டுரைகளைத் தேடற பப்மெட்ல அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஒரு டிஓஐயை (கட்டுரைக்கான லிங்க் நம்பர்) தட்டினா மண் ஆராய்ச்சிக்குப் போகுது, மத்த மூணும் எங்கயும் போகல. சாட்பாட் வேலை. ஏஐ யூஸ் பண்ணா சொல்லணும்னு மருத்துவ ஜர்னல் எடிட்டர்களோட சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ தன்னோட விதிகள்ல 2023-லயே சேத்துட்டாங்க, நானோ ஆளுங்க எடிட் பண்ணாங்கன்னு நம்பி ஃபார்ம்ல "யூஸ் பண்ணல"ன்னு டிக் அடிச்சிருக்கேன், ஆக பொய் சொன்னவனும் நான்தான். பேப்பர் ரிஜெக்ட், எல்லா ஆத்தரும் தனித்தனியா விளக்கம் கொடுக்கணும். என் ஸ்டூடன்ட் பொண்ணு அழுதுட்டா, அவளுக்கு இது முதல் பேப்பர்.

வயிறு எரியறது எதுக்குன்னா, அந்த 31-ல பாதிக்கு மேல ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுதான். பிப்ளியோகிராஃபியை எக்ஸ்க்ளூட் பண்ணிட்டுப் பாத்தா 12, அதுலயும் எத்திக்ஸ் வரி, மெத்தட்ஸ்ல எல்லாரும் எழுதற வரி. ஒண்ணுமே பண்ணியிருக்க வேண்டாம்!

சரின்னு பழைய டிராஃப்டையே எடுத்து மறுபடி செக் போட்டா 90-க்கு மேல. "ஸ்டூடன்ட் பேப்பர்"னு காட்டுது. அந்த எடிட்டிங் சர்வீஸ்காரங்க யாரோ ஒரு காலேஜோட டர்னிட்டின் (சிமிலாரிட்டி பாக்கற சாஃப்ட்வேர்) அக்கவுண்ட்ல என் ஃபைலைப் போட்டுப் பாத்திருக்காங்க, ரெப்பாசிட்டரில (அவங்க சேமிப்புக் கிடங்குல) சேமிக்காதேன்னு செட்டிங்கைக்கூட மாத்தி வைக்கல, அதனால என் பேப்பரே எனக்கு எதிரா நிக்குது. அதை அழிக்கணும்னா அந்த காலேஜ் தரப்புலருந்துதான் கேக்கணும். எந்த காலேஜ்னு மட்டும் சொல்லுங்கன்னு பதினோரு மெசேஜ் அனுப்பிட்டேன், ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல.