அலமோவா, சான் ஹோசேயா?

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் ஸ்பானிய மிஷன்கள் (பழங்குடியினரைக் கிறிஸ்தவராக்கக் கத்தோலிக்கத் துறவிகள் அமைத்த குடியிருப்புகள்) ஐந்து. 2015-இல் ஐந்தும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

கூட்டம் மொய்ப்பது அலமோவில். 1718-இல் தொடங்கிய அதன் மிஷன் பணி 1793-இலேயே முடிந்துவிட்டது. இன்று வழிபாடு கிடையாது. மெக்சிகோவிலிருந்து டெக்சஸ் பிரியப் போராடிய 1836 போரின் நினைவிடம். படங்களில் பார்த்துப் பழகிய அந்த வளைந்த முகப்பு உச்சிகூட, 1850 வாக்கில் அமெரிக்க ராணுவம் சேர்த்ததுதான்!

1720-இல் நிறுவப்பட்ட சான் ஹோசே வேறு வகை. சுற்றுமதில், அதையொட்டிப் பழங்குடியினர் வாழ்ந்த அறைகள், தானியக் களஞ்சியம், மாவு ஆலை எல்லாம் இருக்கின்றன. மிஷன் என்பது வெறும் தேவாலயமல்ல, துறவிகளின் கட்டுப்பாட்டில் இயங்கிய முழு ஊர் என்பது இங்கேதான் புரியும். 19-ஆம் நூற்றாண்டில் இடிந்த தேவாலயக் கூரை 1930-களில் மீண்டும் எழுந்தது. வளாகம் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருந்தாலும், தேவாலயம் இன்றும் கத்தோலிக்கப் பங்குக் கோயில்தான். ஞாயிறு திருப்பலியில் மரியாச்சி என்னும் மெக்சிகோ நாட்டுப்புற இசை உண்டு (அந்நேரம் கேமரா பைக்குள் இருக்கட்டும்). தெற்குச் சுவரின் ‘ரோஜா சன்னல்’ சிற்ப வேலையை நின்று பாருங்கள்.

போர் வரலாற்றில் தீராத ஆர்வம் இருந்தால் அலமோ. மற்றவர்களுக்கு, தயங்காமல் சான் ஹோசே.