யார்க்கும் செஸ்டரும்: இரு ரோமானியக் கோட்டை நகரங்கள்

இங்கிலாந்தின் யார்க், செஸ்டர் ஆகிய இரண்டுமே கி.பி. 70களில் ரோமானியப் படைமுகாம்களாகத் தோன்றியவை. ஆனால் 306இல் கான்ஸ்டன்டைன் ரோமானியப் பேரரசராக அறிவிக்கப்பட்டது யார்க்கில்தான்; 866இல் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் கைப்பற்றித் தம் அரசின் தலைநகராக்கிக்கொண்டதும் யார்க்கைத்தான். 1970களில் அங்கே காப்பர்கேட் தெருவில் அகழ்ந்தபோது, ஈரமண் கெடாமல் காத்துவைத்திருந்த மரச்சுவர்களும் தோல் காலணிகளும், ஏன், கம்பளிக் காலுறை ஒன்றும்கூடக் கிடைத்தன. செஸ்டருக்கு அத்தகைய அரசியல் கனம் இல்லை. டீ ஆற்றில் வண்டல் படிந்து துறைமுகம் தூர்ந்துபோக, அதன் கடல்வணிகம் லிவர்பூலுக்கு நகர்ந்தது. ஆயினும் மதில் ஏறத்தாழ முழுச் சுற்றாக நிற்பது செஸ்டரில்தான். யார்க்கின் மதில் நீளமானது, எனினும் இடையிடையே அறுபட்டது. தெருமட்டத்தில் ஒரு கடைவரிசை, அதன்மேல் கூரையிட்ட நடைபாதையோடு இன்னொன்று என இடைக்காலந்தொட்டு நீடிக்கும் செஸ்டரின் அங்காடி அமைப்பும் யார்க்கில் இல்லை. இருந்தும், ஒரு நகரை மட்டுமே பார்க்க முடியுமென்றால், என் தேர்வு யார்க்தான்.